களி பிடித்து வைத்திருக்கும் நொதிகள்

மண்ணில் நொதி அளக்கும் வேலைக்கு வருபவருக்குக் களி முதலில் ஓர் இடைஞ்சலாகத்தான் அறிமுகமாகிறது. பாஸ்பட்டேஸ் அளவீட்டை எடுத்துக்கொள்வோம். 1 கிராம் மண், சில துளி டொலுயீன், தாங்கல் கரைசல், பாரா நைட்ரோபீனைல் பாஸ்பேட், 37 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம். நொதி பாஸ்பேட்டைத் துண்டித்த பிறகு மிஞ்சும் பாரா நைட்ரோபீனால் காரத்தில் மஞ்சளாகத் தெரியும். அந்த மஞ்சளின் அடர்வைக் கருவியில் வைத்துப் படித்தால் நொதியின் செயல்பாடு கிடைத்துவிடும். தபதபாயும் பிரெம்னரும் 1969-இல் அயோவாவில் வகுத்த இந்த முறையையே இன்றும் பெரும்பாலான ஆய்வகங்கள் பின்பற்றுகின்றன. காரத்தை ஊற்றியதும் களி கலைந்து மிதக்கத் தொடங்கும், மட்கின் பழுப்பும் கரைந்து வரும், எத்தனை முறை வடிகட்டினாலும் கலங்கல் போகாது. இதற்காகவே காரத்துக்கு முன்னால் 0.5 மோலார் கால்சியம் குளோரைடு 1 மில்லிலிட்டர் சேர்க்கச் சொல்கிறது கையேடு. கால்சியம் களித் துகள்களைத் திரட்டிப் படிய வைத்துவிடும். யூரியாவைச் சிதைக்கும் யூரியேஸை அளக்கும்போது உண்டாகும் அம்மோனியத்தைக் களி தன் பரப்பில் பிடித்துக்கொள்ளும். பொட்டாசியம் குளோரைடு ஊற்றி அதை விடுவிக்காவிட்டால் விடை குறைந்துவிடும். இப்படி, முறையின் படிகள் பலவும் களியைக் கணக்கிலிருந்து வெளியே தள்ளவே எழுதப்பட்டவை. இந்தத் தொழிலில் நான் வந்து சேர்ந்த முடிவு இதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது. கருவி காட்டும் எண்ணில் பெரும்பங்கு, களியும் அதன்மேல் படிந்த மட்கும் சேர்ந்து நெடுங்காலமாகப் பிடித்து வைத்திருந்த நொதியைச் சேர்ந்தது. களி எவ்வளவு, எந்த வகை என்று தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருள் சொல்வது சரியாகாது.

நொதி ஒரு புரதம். நுண்ணுயிர்களும் வேர்களும் அதை வெளியே சுரக்கின்றன. செத்து உடைந்த செல்களிலிருந்தும் அது கசிந்து வருகிறது. மண் நீரில் தனியாக விடப்பட்ட புரதத்துக்கு ஆயுள் குறைவு. புரதத்தைச் சிதைக்கும் நொதிகளும் அங்கேயே இருக்கின்றன, நைட்ரஜனுக்கு ஏங்கும் நுண்ணுயிர்களும் இருக்கின்றன. அப்படியிருந்தும் மண்ணின் நொதி அழிவதில்லை. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பணியாற்றிய டக்ளஸ் மெக்லாரன் தம் குழுவினருடன் 1957-இல் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி மண்ணை முழுவதும் கிருமிநீக்கம் செய்து பார்த்தார். உயிரோடு எதுவும் மிஞ்சாத அந்த மண்ணில் நொதிச் செயல்பாடு நின்றுவிடவில்லை. அவரும் ஸ்கூயின்ஸும் 1969-இல் வெளியிட்ட ஆய்வில், அலாஸ்காவின் நிரந்தர உறைநிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடந்த மண்ணிலும் யூரியேஸ் வேலை செய்வது தெரிந்தது. குளிரே அதைக் காத்திருக்கலாம் என்று சொல்ல இடமிருக்கிறது என்பதால் இதை நான் முதன்மைச் சான்றாக வைக்கமாட்டேன். நம் ஆய்வகங்களில் நிழலில் உலர்த்தி, சலித்து, டப்பாவில் அடைத்து மாதக்கணக்கில் வைத்த மண் இதைவிட நல்ல சாட்சி. அதில் உயிரின் சுவாசம் அநேகமாக அடங்கியிருக்கும், யூரியேஸ் மட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். உயிர் போன பிறகும் நொதி தங்குகிறது என்றால் அதைத் தாங்கி நிற்கும் பொருள் ஒன்று மண்ணில் இருந்தாக வேண்டும்.

அந்தப் பொருளின் இயல்பை மிகத் தெளிவாகக் காட்டியது, என் மதிப்பீட்டில், சாண்டுவாவும் பிரெம்னரும் அயோவா மண்களில் செய்து 1977-இல் வெளியிட்ட வேலை. யூரியேஸ் நமக்குத் தூய்மையாகக் கிடைக்கும் நொதி. 1926-இல் ஜேம்ஸ் சம்னர் வாளவரை விதையிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்த முதல் நொதியே அதுதான். 1946-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கும் அதுவே காரணம். இந்த அவரை யூரியேஸை மண்ணில் கலந்துவிட்டு நாள்கள் செல்லச் செல்ல அளந்தபோது, கூடிய செயல்பாடு படிப்படியாக இறங்கி, மண் முதலில் எந்த அளவில் இருந்ததோ அந்த அளவில் வந்து நின்றது. நுண்ணுயிர்களுக்கு எளிதில் செரிக்கும் கரிமப்பொருள் கொடுத்து யூரியேஸைக் கூட்டிப் பார்த்தபோதும் கதை அதேதான்: ஏற்றம், பிறகு இறக்கம், பழைய அளவில் நிலைப்பு. ஒவ்வொரு மண்ணுக்கும் தனக்கென ஒரு நிலையளவு இருந்தது. மண்ணைக் கழுவினாலும் உலர்த்தினாலும் அந்த அளவு எளிதில் குறையவில்லை. இதிலிருந்து நான் பெறும் முடிவு இது: மண்ணில் நொதி பத்திரமாக இருக்கக்கூடிய இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. அந்த இடங்கள் நிறைந்திருக்கும்போது புதிதாக வரும் நொதி வெளியில் நின்று சிதைகிறது. நொதியின் வரத்தைத் தீர்மானிப்பது உயிர். இருப்பைத் தீர்மானிப்பது மண்ணின் கட்டமைப்பு.

கட்டமைப்பு என்று வரும்போது களிக் கனிமங்களின் வேறுபாட்டைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் செம்மண்ணிலும் மலைப்பகுதிச் சரளை மண்ணிலும் மிகுந்திருப்பது கயோலினைட். ஒரு சிலிக்கா தகடும் ஓர் அலுமினியத் தகடும் இணைந்த அடுக்குகள் அதில் 0.72 நானோமீட்டர் இடைவெளியில் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்கும். நடுவே நீர்கூட நுழையாது. அதனால் வெளிப்பரப்பு மட்டுமே பயன்படும். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 10 முதல் 20 சதுரமீட்டர். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலில் மிகுந்திருப்பது மாண்ட்மோரில்லோனைட் அடங்கிய ஸ்மெக்டைட் குடும்பம். இரண்டு சிலிக்கா தகடுகளுக்கு நடுவே ஓர் அலுமினியத் தகடு. அடுக்குகளுக்கிடையே பிணைப்பு தளர்வு. நீர் புகுந்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கரிசல் காட்டில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுவது இதனால்தான். உள்ளும் புறமும் சேர்த்தால் அதன் பரப்பு கிராமுக்கு 700 முதல் 800 சதுரமீட்டர் வரை போகும். நேரயனிப் பரிமாற்றத் திறன் கயோலினைட்டில் கிலோவுக்கு 3 முதல் 15 சென்டிமோல், மாண்ட்மோரில்லோனைட்டில் 80 முதல் 120. ஒரு மண்ணைக் கரிசல் அடங்கும் வெர்டிசால் வகையில் சேர்க்கவே அதில் குறைந்தது 30 விழுக்காடு களி இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து நினைத்தால், கரிசல் ஒரு கிராமும் செம்மண் ஒரு கிராமும் நொதிக்கு எவ்வளவு வேறுபட்ட உலகங்கள் என்பது விளங்கும். தராசில் இரண்டும் ஒரே 1 கிராம்.

களியின் பரப்பு எதிர்மின்சுமை கொண்டது. புரதத்தின் மின்சுமை சூழலின் பி.எச். அளவைப் பொறுத்து மாறும். ஒவ்வொரு புரதத்துக்கும் மின்சுமை சமனாகும் ஒரு பி.எச். புள்ளி உண்டு, அதற்குக் கீழே புரதம் நேர்மின்சுமை பெறும், மேலே எதிர்மின்சுமை பெறும். ஆகவே அமிலப் பக்கத்தில் களியும் புரதமும் ஈர்க்கும், காரப் பக்கத்தில் விலக்கும். லைசோசைம் போன்ற, சமன்புள்ளி 11-ஐ ஒட்டிய புரதம் எந்த மண்ணிலும் களியை இறுகப் பற்றிக்கொள்ளும். யூரியேஸின் சமன்புள்ளி 5-ஐ ஒட்டியது, பி.எச். 8-க்கு மேலிருக்கும் கரிசலில் அது களியோடு ஒட்டவே கூடாது என்று மின்சுமைக் கணக்கு சொல்லும். ஒட்டத்தான் செய்கிறது. நீரை வெறுக்கும் பகுதிகளின் சேர்க்கை, ஹைட்ரஜன் பிணைப்பு, களிக்கும் புரதத்துக்கும் நடுவில் கால்சியம் கைகோத்து நிற்பது என்று வேறு பிடிப்புகள் இருப்பதே காரணம். மின்சுமை ஒன்றை மட்டும் வைத்து மண்ணில் எது ஒட்டும், எது ஒட்டாது என்று பாடநூல்கள் எழுதிவிடுவது போதாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஒட்டிய நொதிக்கு என்ன ஆகிறது என்பதில்தான் இந்தத் துறையின் பெரிய விவாதம் நடந்தது. மெக்லாரன் 1954 முதல் கயோலினைட்டின்மேல் ஒட்டிய நொதிகளை ஆராய்ந்தார். எஸ்டர்மனுடன் சேர்ந்து 1957-இல் வெளியிட்ட ஆய்வில், கயோலினைட்டில் ஒட்டிய கைமோட்ரிப்சின் மிகச் சிறப்பாக வேலை செய்யும் பி.எச்., கரைசலில் இருப்பதைவிடக் காரப் பக்கமாக நகர்ந்திருப்பதைக் காட்டினார். அவர் தந்த விளக்கம் அழகானது. எதிர்மின்சுமை கொண்ட களி ஹைட்ரஜன் அயனிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் பரப்பை ஒட்டிய மெல்லிய நீரின் பி.எச்., வெளிக் கரைசலைவிடக் குறைந்திருக்கும். நொதி உணர்வது அந்த உள்ளூர் அமிலத்தை, நம் மின்முனை அளப்பது வெளிக் கரைசலை. முப்பது ஆண்டுகள் பாடநூல்களில் இதுவே நின்றது. பிரான்சின் எர்வே கிகாம்ப்வா 1987-இல் பாதாம் பருப்பின் பீட்டா குளுகோசிடேஸை வைத்து வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். பி.எச். குறையும்போது நேர்மின்சுமை கூடிய நொதி களியின்மேல் இழுபட்டு, தன் மடிப்புக் குலைந்து தட்டையாகப் பரவி, செயலிழக்கிறது. பி.எச். கூடும்போது அந்த இழுப்புத் தளர்ந்து நொதி தன் வடிவிலேயே நிற்கிறது, அல்லது ஒட்டாமலே போகிறது. அமிலப் பக்கம் மட்டும் தேய்ந்துபோன வளைவரை, பார்ப்பவருக்கு வலப்பக்கம் நகர்ந்ததுபோல் தெரிகிறது.

இவ்விரண்டில் எது சரி என்பதை ஒரு கேள்வி பிரித்துக் காட்டும். உள்ளூர் அமிலம்தான் காரணமென்றால், காரப் பக்கத்தில் ஒட்டிய நொதி, கரைசலில் தனித்திருக்கும் நொதியைவிட அதிகமாக வேலை செய்ய வேண்டும். அமிலப் பக்கத்தில் இழந்ததை அங்கே ஈட்டியிருக்க வேண்டும். வடிவக் குலைவு காரணமென்றால் இழப்பு மட்டுமே இருக்கும், ஈட்டம் இருக்காது. கிகாம்ப்வாவின் அளவீடுகளில் தெரிந்தது இழப்புதான். பல நொதிகளுக்கு நான் அவர் பக்கமே நிற்கிறேன். மெக்லாரனை முழுதாகத் தள்ளிவிடவும் தேவையில்லை: பரப்பருகே அயனிகள் குவிவது உண்மை, வடிவம் எளிதில் குலையாத உறுதியான புரதங்களில் அது தனியே வெளிப்படலாம். நடைமுறையில் இந்த விவாதத்தின் பொருள் பெரியது. முதல் விளக்கத்தின்படி, பி.எச்.-ஐத் திருத்தினால் நொதியின் முழுத்திறனும் திரும்பிவிடும். இரண்டாவதன்படி, அமில மண்ணில் ஒருமுறை தட்டையாகிப்போன நொதி சுண்ணாம்பு இட்டதும் எழுந்து வேலை செய்துவிடாது. உயிர்கள் புதிய நொதியைச் சுரக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

அடுத்தது அடுக்குகளுக்கு உள்ளே போவது. மாண்ட்மோரில்லோனைட் புரதத்தைத் தன் அடுக்குகளுக்கிடையே வாங்கிக்கொள்கிறது என்பது எக்ஸ் கதிர் அளவீடுகளில் 1940-களிலிருந்தே தெரியும். புரதம் புகுந்ததும் அடுக்கு இடைவெளி விரிவதை அது காட்டிக்கொடுக்கிறது. அதற்காக எல்லா நொதியும் உள்ளே போய்விடுவதாக நினைக்கக் கூடாது. கால்சியம் நிறைந்த, ஈரமான மாண்ட்மோரில்லோனைட்டில் அடுக்கிலிருந்து அடுக்குக்கு ஏறத்தாழ 1.9 நானோமீட்டர், அதில் அடுக்கின் தடிமன் போனால் மிஞ்சும் இடைவெளி ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. அவரை யூரியேஸின் மூலக்கூறு 10 நானோமீட்டருக்கும் பெரியது. ஆய்வகத்தில் நாம் பயன்படுத்தும், மாண்ட்மோரில்லோனைட் மிகுந்த சோடியம் பெண்டோனைட் நீரில் வெகுவாக விரிந்துவிடும். வயலில் உள்ள கரிசல் களி கால்சியம் நிறைந்தது, அப்படி விரியாது. எனவே பெரிய நொதிகளுக்குக் கரிசலின் 700 சதுரமீட்டரில் பெரும்பகுதி மூடிய கதவு. அவற்றுக்குக் கிடைப்பது வெளிப்பரப்பும் துகள்களுக்கிடையிலான நுண்துளைகளும்தான். உள்ளே நுழையும் சிறு புரதங்களோ சிதைவிலிருந்து தப்பித்துக்கொள்கின்றன, ஆனால் அங்கே இருந்துகொண்டு வேலை செய்ய அவற்றுக்கு வழியில்லை.

இங்கேதான் பழைய ஆய்வுகளுக்கிடையே தெரியும் ஒரு முரண்பாடு தீர்கிறது. என்ஸ்மிங்கரும் கீசெக்கிங்கும் 1942-இல் மாண்ட்மோரில்லோனைட் களியில் ஒட்டிய புரதத்தைச் செரிமான நொதிகளால் எளிதில் சிதைக்க முடியவில்லை என்று காட்டினார்கள். களி காக்கிறது என்ற நம்பிக்கை அங்கிருந்து தொடங்கியது. முப்பது ஆண்டு கழித்து, 1972-இல் பர்ன்ஸ், புகைட், மெக்லாரன் மூவரும் பெண்டோனைட்டோடு சேர்த்த யூரியேஸைப் புரதச் சிதைப்பு நொதியிடம் கொடுத்தபோது அது பாதுகாப்பின்றிச் செயலிழந்தது. லிக்னினையும் கூட்டிச் சேர்த்தபோது ஓரளவு தப்பியது. மண்ணிலிருந்து களி கலவாமல் பிரித்தெடுத்த மட்கு–யூரியேஸ் கூட்டோ அதே தாக்குதலைத் தாங்கி நின்றது. இரண்டும் உண்மை. வெறும் களியில் பாதுகாப்பும் செயல்பாடும் ஒன்றையொன்று விலக்குகின்றன. ஆழமாகப் பிடிபட்ட புரதம் பத்திரமாக இருக்கும், வேலை செய்யாது. மேற்பரப்பில் நிற்கும் புரதம் வேலை செய்யும், பத்திரமாக இராது. மட்கு வந்து சேரும்போதுதான் இரண்டும் ஒரே இடத்தில் வாய்க்கின்றன. மட்கின் வலைப்பின்னலில் உள்ள துளைகள், யூரியாவும் நீரும் நுழையவும் அம்மோனியா வெளியேறவும் போதுமானவை. புரதச் சிதைப்பு நொதி நுழைய முடியாத அளவு சிறியவை. அம்மூவரும் முன்வைத்த இந்தக் கருத்தைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. சின்ன மூலக்கூறான யூரியாவைக் கையாளும் யூரியேஸ் மண்ணில் இவ்வளவு உறுதியாக நிற்பதும், செல்லுலோஸ் போன்ற நீண்ட சங்கிலிகளை வெட்ட வேண்டிய நொதிகள் அப்படி மறைந்து நின்று பயன் தர முடியாததும் இதனாலேயே.

அப்படியானால் காப்பது மட்குதானே, களிக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை, இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் 1843 முதல் நடந்துவரும் பிராட்பால்க் வயல் போன்ற நீண்டகாலச் சோதனைகளில் ஒரே வயல், ஒரே களி, உரம் மட்டும் வேறு. அத்தகைய சோதனைகளில் தொழு உரம் பெற்ற பாத்திகளில் நொதிச் செயல்பாடு கூடியிருப்பது உலகெங்கும் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. களி மாறாமல் நொதி மாறுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொழு உரம் எங்கே தங்குகிறது? ஒரே மழையும் ஒரே வெயிலும் உள்ள இடத்தில், அதே உரம் பெற்ற மணற்பாங்கான மண்ணில் கரிமம் விரைவில் எரிந்துபோகிறது, களி மிகுந்த மண்ணில் தங்குகிறது. மட்கைப் பிடித்து வைப்பதே களியும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும்தான். மண்ணை மணல், வண்டல், களி என்று பிரித்து ஒவ்வொரு பகுதியிலும் நொதியை அளந்த வியன்னா ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. இன்வர்டேஸ் போன்ற நொதிகள் வண்டல், களிப் பகுதிகளில் குவிந்திருந்தன. தாவரச் சிதைவுகளைத் தின்னும் சைலனேஸ் பருமணல் பகுதியில், அரைகுறையாக மட்கிய தூசிதும்புகளோடு இருந்தது. உணவருகே புதிதாகச் சுரக்கப்பட்ட நொதி ஒரு பக்கம், சேமிப்பில் கிடக்கும் நொதி இன்னொரு பக்கம். சேமிப்பின் முகவரி களிதான்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது, அதற்கு நான் பாதி இடம் கொடுக்கிறேன். களி–நொதி ஆய்வுகளில் பெரும்பாலானவை தூய கனிமத்தோடும் தூய நொதியோடும் செய்யப்பட்டவை. தூய மாண்ட்மோரில்லோனைட்டில் இன்வர்டேஸ் போன்ற நொதிகள் செயல்பாட்டில் பெரும்பகுதியை இழந்துவிடுகின்றன. அதைப் பார்த்துக் கரிசல் நொதிகளைக் கொல்லும் மண் என்று சொன்னால் கரிசல்காட்டு விவசாயி சிரிப்பார். வயலில் அம்மணமான களி இல்லை. அதன்மேல் மட்கும் ஆக்சைடுகளும் படிந்திருக்கின்றன. நேப்பிள்ஸில் ஜியான்ஃப்ரெடாவும் வியோலாந்தேயும் அலுமினிய ஹைட்ராக்சைடு பூசிய களியில் நொதியை ஒட்டிப் பார்த்தபோது, வெறும் களியில் இழந்த செயல்பாட்டில் ஒரு பகுதி காப்பாற்றப்பட்டது. செம்மண் விஷயத்தில் இந்தப் பூச்சே முக்கியக் கதாபாத்திரம். இரும்பு ஆக்சைடுகள் நம் மண்ணின் வழக்கமான பி.எச். அளவில் நேர்மின்சுமை கொள்ளக்கூடியவை. எதிர்மின்சுமையுள்ள பாஸ்பட்டேஸையும் ஃபைட்டேஸையும் இழுத்துக்கொள்கின்றன. அவை விடுவிக்கும் பாஸ்பேட்டையும் அதே ஆக்சைடுகளே பிடித்துக்கொள்கின்றன. எனவே களியின் பரப்பளவை மட்டும் வைத்து, கரிசலில் நொதி கூடுதல், செம்மண்ணில் குறைவு என்று யாராவது வாய்பாடு எழுதினால் நானே அதை எதிர்ப்பேன். ஆட்சேபத்தில் நான் ஏற்காத பகுதி, தூய களி ஆய்வுகள் பயனற்றவை என்பது. பூச்சு என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் பூச்சில்லாத களி என்ன செய்யும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

இனி நம் அளவீட்டுக்கு வருவோம். ஆய்வக முறையில் நொதிக்கு வேண்டிய பொருளைத் தேவைக்கு மிஞ்சித் தருகிறோம், மண்ணைக் கரைசலில் கலக்கி ஆட்டுகிறோம், நொதி விரும்பும் பி.எச்.-இல் வைக்கிறோம். கார பாஸ்பட்டேஸுக்கு முறை சொல்லும் பி.எச். 11, எந்த வயலிலும் அப்படிப்பட்ட மண்ணில் பயிர் நிற்காது. களியில் பிடிபட்ட நொதி படும் சங்கடங்கள் மூன்று: பொருள் தன்னிடம் வந்து சேரத் தாமதம், வடிவக் குலைவு, பொருந்தாத பி.எச். இவற்றில் முதலாவதையும் மூன்றாவதையும் நம் முறையே நீக்கிவிடுகிறது. கட்டிகளை உடைத்து, அவற்றுக்குள் அடைபட்டிருந்த நொதியையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஆகவே கிடைக்கும் எண், எல்லாத் தடைகளும் அகன்றால் இந்த மண்ணால் எவ்வளவு முடியும் என்பதைச் சொல்கிறது. வயலில் நேற்று எவ்வளவு நடந்தது என்பதை அது சொல்வதில்லை. களி மிகுந்த மண்ணில் இந்த இரண்டுக்கும் இடையிலான தொலைவு அதிகம், மணற்பாங்கில் குறைவு. இரண்டு மண்களின் எண்களை அடுத்தடுத்து வைத்து எது உயிர்ப்புள்ளது என்று தீர்ப்புச் சொல்லும் அறிக்கைகளில் இந்தத் தொலைவு காணாமற்போகிறது.

யூரியா இடுவதில் இதன் விளைவு நேராகவே தெரியும். 45 கிலோ மூட்டையில் 46 விழுக்காடு, அதாவது 20.7 கிலோ நைட்ரஜன். நொதியின் உதவியின்றி யூரியா நீரில் சிதைய ஆண்டுக்கணக்கில் ஆகும். ஈரமான வயலில் சில நாள்களில் சிதைந்துவிடுகிறது. உரக் குருணையைச் சுற்றி பி.எச். ஏறி, அம்மோனியா காற்றில் போகிறது. யூரியேஸுக்கு இடமளிக்கும் களியே, உண்டாகும் அம்மோனியத்தையும் தன் பரிமாற்றத் தளங்களில் பிடித்துக்கொள்கிறது. கரிசலில் இந்தப் பிடிப்பு வலுவானது, ஆனால் மண்ணே சுண்ணாம்பும் காரமும் கொண்டது. செம்மண் அமிலச் சாய்வுடையதாக இருந்தாலும் தாங்குதிறன் குறைவு, குருணையருகே பி.எச். சட்டென ஏறிவிடும், பிடித்துக்கொள்ளத் தளமும் போதாது. எந்த மண்ணானாலும் மேலே தூவிவிட்டுப் போவது இழப்பே. மண்ணுக்குள் சில அங்குலம் இறக்கிவிட்டால் களி தன் வேலையைச் செய்யும். 2015 முதல் நம் நாட்டில் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசி வருவதால் இந்தக் கவலை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வேம்பு முதன்மையாகத் தடுப்பது அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதை. யூரியேஸின் வேலையை அது பெரிதாக நிறுத்திவிடுவதில்லை.

அப்படியானால் நொதி அளவீட்டால் பயனே இல்லையா என்று இளையவர்கள் கேட்பதுண்டு. நிறையப் பயன் உண்டு, சரியான கேள்விக்கு அதைப் பயன்படுத்தினால். உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வேலை செய்யும் டிஹைட்ரஜனேஸ் இன்றைய உயிரோட்டத்தைச் சொல்லும். அதனால்தான் அதை ஈரமான புது மண்ணில் அளக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். யூரியேஸும் பாஸ்பட்டேஸும் ஆண்டுகளாகச் சேர்ந்த இருப்பையும் சேர்த்துச் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வயல் முன்பு எப்படி இருந்தது, இப்போது எந்தப் பக்கம் போகிறது என்று ஊகிக்க வழி கிடைக்கும். டிஹைட்ரஜனேஸ் சரிந்து யூரியேஸ் மட்டும் உயர்ந்து நிற்கும் கரிசல் வயலைச் செழிப்பானது என்று எழுதிக் கொடுப்பது விவசாயிக்குச் செய்யும் அநீதி. ஒரே வயலில் உரத்தையும் உழவையும் மாற்றி ஆண்டுதோறும் அளந்தால் நொதி நேர்மையான சாட்சி. மாவட்டம் முழுவதற்கும் ஒரே எல்லைக் கோடு போட்டு, இதற்குக் கீழே உள்ள மண் நோயுற்றது என்று சொல்ல அது உதவாது. பிறநாட்டு மண்களில் வகுத்த எல்லைகளை நம் கரிசலுக்கும் செம்மண்ணுக்கும் அப்படியே பொருத்துவது அதைவிட மோசம்.

கடைகளில் மண்ணுக்கென்று விற்கும் நொதிக் குருணைகள், நொதிக் கரைசல்கள் பற்றியும் இதே சான்றிலிருந்து என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து கொட்டிய தூய யூரியேஸே மண்ணின் நிலையளவுக்கு இறங்கிவிட்டது என்றால், புட்டியில் வரும் நொதி ஓர் ஏக்கரின் லட்சக்கணக்கான கிலோ மண்ணில் நிலைத்து நிற்கும் என்று எதிர்பார்க்க வழியில்லை. அவற்றோடு கலந்து வரும் ஊட்டச்சத்தாலோ வளர்ச்சி ஊக்கியாலோ பயிர் பசுமையானால் அதற்கு நன்றி சொல்ல வேண்டியது அந்தப் பொருளுக்கு. நொதியைக் கூட்ட வேண்டுமானால் நொதி தங்கும் இடத்தைக் கூட்ட வேண்டும். களியை நாம் உண்டாக்க முடியாது. ஏரி வண்டலை மணற்பாங்கான காட்டில் அடித்து, களியைச் சற்றுக் கூட்டுவதை நம் விவசாயிகள் நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். களியின்மேல் படியும் மட்கைக் கூட்டுவது எல்லோர் கையிலும் இருக்கிறது: தொழு உரம், பசுந்தாள், அறுவடை எச்சத்தைக் கொளுத்தாமல் விடுவது. புட்டிக்குச் செலவழிக்கும் பணத்தை ஒரு வண்டி எருவுக்குச் செலவழியுங்கள். ஆய்வகத்தில் இருக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: நொதி எண்ணைத் தனியாக அச்சிடாதீர்கள். அதன் பக்கத்திலேயே களியின் விழுக்காடு, களிக் கனிமத்தின் வகை, அங்ககக் கரிமம், பி.எச்., மண் ஈரமாக அளக்கப்பட்டதா உலர்த்தியா என்ற ஐந்தையும் எழுதுங்கள்.